காலில் பொட்டு வைத்த பொம்மை

பாப்பா,

நீ திருப்பி அனுப்பிய பெட்டிகள் வீட்டில்தான் இருக்கின்றன. கிள்ளானுக்கு முட்டைக்கோஸ் ஏற்றிப் போன கோலா தெர்லா லோரி, காலியாகத் திரும்பும்போது அவற்றைக் கொண்டு வந்து தானா ராத்தா டவுனில் இறக்கியது. "என்னாண்ணே, பொம்மைங்கள்லாம் சீமைக்குப் போயி சுத்திப் பாத்துட்டு வந்துடுச்சா?" என்று லோரிக்காரன் கேட்டான். அவனோடு சேர்ந்து நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது சிரிப்பு வரவில்லை. ஹாலந்து வரைக்கும் கப்பலில் போய், ஒரு பிள்ளையின் கைகூடப் படாமல், நான் வைத்த மடிப்புக்கூடக் கலையாமல் திரும்பி வந்திருந்தன. எல்லாப் பொம்மைகளும் தலைத்துண்டும் முதுகில் கூடையுமாக, இடது கெண்டைக்காலில் அந்தச் சிவப்புப் பொட்டோடு குப்புறப் படுத்திருந்தன. இப்போது ஹாலில் நாற்காலி போட இடமில்லை. உன் அம்மா ஒரு பெட்டியின் மேல் தட்டை வைத்துத்தான் பசியாறுகிறாள்.

பெட்டிகள் வந்த அன்றைக்கே நீ போன் செய்தாய். அந்தப் பேச்சை நான் மறக்கவில்லை. "அந்தப் பொட்டு வேணாம்னு எத்தன தடவ சொன்னேன்? நீங்களும் சரி சரின்னுதானே சொன்னீங்க? இப்ப ஆபீஸ்ல என் மூஞ்ச எங்க கொண்டு போயி வைக்கிறது?" என்று கேட்டாய். பொம்மை கேட்ட அந்த ஹாலந்து அம்மாள் இன்னொரு வாய்ப்புத் தருவதாகச் சொன்னார் என்றாய். எல்லாப் பொம்மைகளிலும் பொட்டைப் பிரித்துவிட்டுத் திரும்ப அனுப்ப வேண்டும், அவருக்கு மன்னிப்பும் கேட்க வேண்டும் என்றாய். கடைசியில் அழுகையும் கோபமுமாக, "இத மட்டும் செய்யலன்னா நீங்க என் கல்யாணத்துக்கே வராதீங்கப்பா" என்றாய். நான் "சரி" என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ அம்மாவோடு மட்டும்தான் பேசுகிறாய். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் எழுதும்போது நீ குறுக்கே பேச முடியாது என்பது எனக்கு வசதியாகவும் இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் கப்பல் சரக்கு அனுப்பும் கம்பெனியில் நீ நல்ல பெயர் எடுக்க எவ்வளவு பாடுபட்டாய் என்று எனக்குத் தெரியும். உன் மேசையில் இருந்த பொம்மையை அந்த அம்மாள் பார்த்து ஆசைப்பட்டுக் கேட்டதும், நீ உன் முதலாளியிடம் பேசி இந்த வியாபாரத்தை உன் பொறுப்பில் எடுத்துக்கொண்டதும் தெரியும். தேயிலைத் தொழிற்சாலையில் சாக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தவன் செய்த பொம்மை கப்பல் ஏறுகிறது என்று தோட்டத்து லைன் வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான்தான். என்னால் நீ முதலாளி முன்னால் தலைகுனிந்து நின்றாய். அதற்காக உன்னிடம் வருத்தப்படுகிறேன். பொட்டுக்காக வருத்தப்படவில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

நான் வீம்புக்காரன் என்று நீ நினைக்கலாம். யோசித்துப் பார். முதலில் கண்ணுக்குத் தைத்திருந்த பொத்தானை எடுக்கச் சொன்னாய். சின்னப் பிள்ளை பிடுங்கி வாயில் போட்டுக்கொள்ளும், அந்த நாட்டில் அதற்குச் சட்டமே இருக்கிறது என்றாய். நியாயம்தான் என்று பொத்தானை எடுத்துவிட்டு நூலிலேயே கண் தைத்தேன். உள்ளே பழந்துணி அடைக்கக் கூடாது, புதுப் பஞ்சுதான் வேண்டும் என்றாய். அதையும் செய்தேன். சாயம் போகாத துணி, எந்த நாட்டில் செய்தது என்று சொல்லும் சின்னப் பட்டி, ஊசி முனை உள்ளே தங்கிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றையும் தடவிப் பார்ப்பது, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். தானா ராத்தாவிலும் ஸ்ட்ராபெரி தோட்டத்துக் கடைகளிலும் என் பொம்மைக்குப் பக்கத்தில் தொங்குகிறதே, மெஷினில் செய்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் பொம்மை, அதை நீயும் பார்த்திருக்கிறாய். 'தேயிலை பறிக்கும் பெண்' என்று எழுதி, தலையில் நெல் வயலில் போடுகிற கூம்புத் தொப்பியை மாட்டி வைத்திருப்பார்கள். பார்க்கிறவன் சிரித்துவிட்டு வாங்கிப் போவான். என் பொம்மையும் வெளிநாட்டுக்குப் போனால் அப்படிக் கேலியாகப் போகக் கூடாது என்றுதான் அத்தனைக்கும் ஒத்துக்கொண்டேன். ஆனால் எதையெல்லாம் மாற்றலாம், எது வரைக்கும் மாற்றலாம் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது.

அந்தப் பொட்டு என்ன என்று அந்த அம்மாள் கேட்டதாக நீ என்னிடம் கேட்டாய். அட்டை கடித்த இடம் என்று சொன்னேன். நீ அதை அப்படியே அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு மறுநாள் என்னைக் கூப்பிட்டாய். "பிள்ளைங்க வெளயாடுற பொம்மையில ரத்தமா, அருவருப்பா இருக்குன்றாங்கப்பா. எனக்கும் அப்பிடித்தான் தோணுது. யாராச்சும் கால்ல போயி பொட்டு வைப்பாங்களா? எடுத்துடுங்க லா" என்றாய். அந்த அம்மாள் சொன்னது என்னைத் தொடவே இல்லை. அவர் நல்லவராகத்தான் இருப்பார், அவருக்கு அட்டையைத் தெரியாது. உன் வாயிலிருந்தே அந்தக் கேள்வி வந்ததுதான் என்னைத் தைத்தது. யாராவது காலில் பொட்டு வைப்பார்களா என்று உலகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், பாப்பா. நீ கேட்கலாமா? அப்போதும் சரி என்றுதான் சொன்னேன்.

உனக்கு மறந்து போயிருக்கும், ரொம்பச் சின்னப் பிள்ளை அப்போது. விடியும் முன்பே அம்மா மலைக்குப் போய்விடுவாள். உன்னை ஆயாக்கொட்டாயில் விடுவேன், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை எல்லாம் ஓர் ஆயா பார்த்துக்கொள்ளும் அந்தக் கொட்டகையில். நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாய். அம்மா வேண்டும், அம்மா வேண்டும் என்று தொழிற்சாலைச் சங்கு ஊதும் வரை கத்துவாய். என்னால் தாங்க முடியவில்லை. சாக்கு தைக்கிற கைதானே என்று, அம்மாவின் பழைய ரவிக்கைத் துணியை எடுத்து ஒரு பொம்மை தைத்தேன். தலைத்துண்டு கட்டினேன். தீப்பெட்டியில் கூடை செய்து முதுகில் மாட்டினேன். ஈரம் படாமலிருக்க இடுப்பில் அவள் சுற்றிக்கொள்கிற மாதிரியே பிளாஸ்டிக் தாளையும் சுற்றினேன். பெருமையாக உன் கையில் கொடுத்து, "இந்தா, அம்மா ஒன்கூடவே இருக்காங்க" என்றேன். நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்தாய். "இது அம்மா இல்ல."

"ஏன், எதனால இல்ல?" என்று கேட்டேன். அதற்கு நீ சொன்ன பதிலைத்தான் நான் இத்தனை வருடம் தைத்துக்கொண்டிருக்கிறேன். "அம்மாவுக்கு கால்ல பொட்டு இருக்கும்." எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மழை நாளில் அவள் மலையிலிருந்து இறங்கி வரும்போது கெண்டைக்காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டிருக்கும். அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்து உட்காரும்போதுதான் கழுவ நேரம் கிடைக்கும். அந்தச் சிவப்பு உன் கண்ணுக்குப் பொட்டாகத் தெரிந்திருக்கிறது. கோயிலுக்குப் போகும்போது அம்மா நெற்றியில் பொட்டு வைப்பாள், வேலைக்குப் போகும்போது காலில் வைப்பாள் என்று நீயாக நினைத்துக்கொண்டாய். லைனில் பிறந்த பிள்ளையைத் தவிர வேறு யாருக்கு அப்படி ஒரு தப்புக் கணக்கு வரும்? நீயே போய்க் குங்குமத்தை எடுத்து வந்து பொம்மையின் காலில் வைத்தாய். அப்புறம்தான் அதை அணைத்துக்கொண்டாய். மறுநாள் ஆயாக்கொட்டாயில் அழவில்லை.

அன்றைக்கு உன் அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் தண்ணீர் நிற்கவில்லை. அட்டைக் கடி என்று உனக்கு விளக்கிச் சொல்லப் போனேன். அவள் என்னைத் தடுத்துவிட்டாள். "இருக்கட்டுங்க. அவளுக்கு அழகாத் தெரியிது. நீங்க போயி கெடுக்காதீங்க" என்றாள். குங்குமம் உதிர்ந்துகொண்டே இருந்ததால் சிவப்பு நூலை எடுத்து ஒரு முடிச்சுப் போட்டுத் தைத்தேன். அன்றிலிருந்து என் கையில் உருவான எந்தப் பொம்மையும் அந்த முடிச்சு இல்லாமல் வீட்டை விட்டுப் போனதில்லை. எந்தக் கடைக்காரனுக்கும் நான் காரணம் சொன்னதில்லை, அவர்களும் கேட்டதில்லை. முதல்முதலாகக் கேட்டவர் அந்த ஹாலந்து அம்மாள். முதல்முதலாக எடுக்கச் சொன்னவள் அதை வைத்தவளே. இப்போது தெரிகிறதா, எனக்கு ஏன் வலித்தது என்று?

இனி, சரி என்று சொல்லிவிட்டு ஏன் செய்யவில்லை என்ற கேள்வி. என்னைப் பொய்யன் என்று நீ சொல்லவில்லை, நினைத்தாய். நீ தோட்டத்தில் வளர்ந்தவள்தானே, சரி என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா? நம் லைனுக்குப் பின்னால் இருக்கிற சௌசௌ பந்தலை ஞாபகம் இருக்கிறதா? தோட்டத்தை நடத்திய பெரிய துரை ஒவ்வொரு தடவை வரும்போதும், பந்தல் அசிங்கமாக இருக்கிறது, பிரித்துப் போடுங்கள் என்பார். "சரிங்க தொர" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வோம். அவர் கார் வளைவைத் தாண்டியதும் உன் அம்மா போய்ப் பந்தலுக்கு இன்னொரு கம்பு ஊன்றுவாள். அடுத்த தடவை வருவார், பிரிக்கச் சொல்வார், சரிங்க தொர. கடைசியில் துரை மாற்றலாகிப் போனார், பந்தல் இன்றைக்கும் காய்க்கிறது. நீ அனுப்பச் சொன்னால் இப்போதே ஒரு பை நிறையப் பறித்து அனுப்புவேன். தோட்டத்தில் சரி என்றால் ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தம் இல்லை, பாப்பா. காதில் விழுந்தது என்று அர்த்தம்.

வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருக்கலாமே என்பாய். நாங்கள் குடியிருந்த வீடு தோட்டத்து வீடு. அப்போதெல்லாம் வேலை இருந்தால்தான் வீடு. துரையின் முகத்துக்கு நேரே முடியாது என்று சொன்னவனுடைய பானை சட்டி அடுத்த மாதம் லோரியில் ஏறும். அதனால் வாயால் சரி என்று சொல்லி, கையால் முடியாது என்று சொல்லப் பழகிக்கொண்டோம். அதைக் கோழைத்தனம் என்று படித்த பிள்ளைகள் சொல்லலாம். சொல்லட்டும். அந்தச் சரியை வைத்துத்தான் எங்கள் கீரைப் பாத்தியையும், லைன் ஓரத்துச் சாமிக் கல்லையும் காப்பாற்றினோம். உன்னைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தி வேலைக்கு அனுப்பு என்று தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் ஒரு கிராணி சொன்னபோதும் "சரிங்கய்யா" என்றுதான் சொன்னேன். மறுநாள் உன்னைக் கம்போங் ராஜாவுக்குக் கூட்டிப் போய்ப் புதுப் பள்ளிச் சட்டை வாங்கிக் கொடுத்தேன். நீ இன்று கிள்ளானில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதே ஒரு சரியால்தான்.

இந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை என்பது உண்மை. சிகரெட்டை விடச் சொல்லி உன் அம்மா கல்யாணமான அன்றைக்குச் சொன்னாள், சரி என்றேன். அவளும் ஏமாறவில்லை. "ஒங்க சரிய கொண்டு போயி குப்பத்தொட்டியில போடுங்க" என்று அன்றைக்கே திட்டினாள். ஆனால் உனக்கு இந்தச் சரி வேண்டாம். நீ போகிற வீட்டில் வாயால் ஒன்று, கையால் ஒன்று என்று வாழாதே. மாப்பிள்ளை நல்ல பையன், அவன் முன்னால் உனக்குப் பயமில்லை. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல். உனக்குச் சொந்தமாகச் சம்பளம் இருக்கிறது, வீட்டுச் சாவியில் உன் பங்கும் இருக்கிறது. யாரும் உன் பானையை லோரியில் ஏற்ற முடியாது. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லத்தான் உன்னைப் படிக்க வைத்தோம். நீ அதை முதலில் என்னிடமே சொல்லிப் பழகினாய், அதில் எனக்குப் பெருமைதான், கொஞ்சம் வலித்தாலும்.

நடுவில் ஒரு செய்தி. நம் பக்கத்து வீட்டில் இப்போது வங்காளதேசத்துப் பையன்கள் இருக்கிறார்கள். மலையில் கொழுந்து வெட்டுவது இப்போது அவர்கள்தான், இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துக்கொண்டு மெஷினால் வெட்டுகிறார்கள். அதில் ஒருவன் ஊருக்குப் போகும் முன் சொல்லிவிட்டுப் போக வந்தான். பெட்டியில் கிடந்த பொம்மையை எடுத்துப் பார்த்தான், காலைப் பார்த்தான். அது என்னவென்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. "அங்கிள், இது பாச்சாட் லா!" என்று கத்தினான். மலாயில் அட்டைக்கு அதுதானே பெயர். சிலுவார்க் காலைச் சுருட்டிவிட்டுத் தன் கெண்டைக்காலைக் காட்டினான், அங்கேயும் புதுசாக ஒரு பொட்டு. உன் அம்மாவும் சேலையைக் கொஞ்சம் தூக்கித் தன் பழைய தழும்புகளைக் காட்டினாள். இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு எண்ணிச் சிரித்தார்கள். தன் மகளுக்கென்று ஒரு பொம்மை கேட்டான், கொடுத்தேன். போன வாரம் படம் அனுப்பியிருந்தான். அவன் மகள் பொம்மையின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். உன் ஆபீஸ் முத்திரை ஒன்றும் இல்லாமல் என் பொம்மை கடல் தாண்டிவிட்டது. அதை நான் ஏற்றுமதி என்றுதான் சொல்வேன், நீ என்ன சொன்னாலும்.

இப்போது உன் ஹாலந்து அம்மாளுக்குப் பதில். இதை நீ அப்படியே மொழிபெயர்த்துச் சொல்லிவிடு, இனிப்புத் தடவாதே. முடியாது. பொட்டைப் பிரிக்க முடியாது, மன்னிப்பும் கேட்க முடியாது. இந்தப் பொம்மையில் இருப்பவள் மலையில் வேலை செய்கிறவள், அழகுக்கு நிற்கிறவள் இல்லை. ரத்தம் வேண்டாம் என்றால் தேயிலைக் கூடையையும் வேண்டாம் என்று சொல்லிவிடட்டும், நான் வேறு பொம்மை தைத்துத் தருகிறேன், ஸ்ட்ராபெரிக்குக் கண் மூக்கு வைத்து. ஆனால் கூடையை மாட்டினால் பொட்டும் இருக்கும். அது ஒரு பிள்ளை தன் அம்மாவுக்கு வைத்த பொட்டு. அதை எடுக்க எனக்கு உரிமை இல்லை. வைத்த உனக்கும் இல்லை. என் வாழ்நாளில் நான் நேராக முடியாது என்று சொல்வது இதுதான் முதல் தடவை, அதனால் சத்தமாகவே சொல்கிறேன். சொல்லிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க நீ சின்னக் கண்ணாடி ஜாடி சொல்லி வைத்திருப்பதாக அம்மா சொன்னாள். நல்லது, அதையே கொடு. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து மண்டபத்தில் உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். ஒரே ஒரு பொம்மையை மட்டும் என் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன், அது உனக்கு. உன் அம்மாவைப் பற்றித்தான் என்னால் உறுதி சொல்ல முடியாது. காலில் இருக்கிற தழும்பை மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பார்கள், சேலையைக் கொஞ்சம் தழையக் கட்டிக்கொள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னதற்கு, "நா எதுக்குடி மறைக்கணும்? இந்தக் காலு நடந்துதான் அவ படிச்சா" என்று சொல்லிவிட்டாள். புதுச் சேலைக்கு ஓரம் அடித்துக் கொடுத்ததே நான்தான். கணுக்காலுக்கு மேலேதான் நிற்கும்.

உன் கோபம் இன்னும் தீரவில்லை என்று தெரியும். தீர வேண்டும் என்று நான் கெஞ்சப் போவதும் இல்லை. நீ கோபமாகவே இரு, மாலையும் கழுத்துமாகக் கோபமாக நில், அதையும் வந்து பார்க்கிறேன். அன்றைக்குப் போனில் கல்யாணத்துக்கு வராதீர்கள் என்று நீ சொன்னபோது, நான் சரி என்றேன். எந்தச் சரி என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். அம்மாவும் நானும் முதல் பஸ்ஸுக்கே ஏறிவிடுவோம்.

உன் அப்பா